புறாக்களுக்குச் சாப்பாடு போட்டவர்

கைதட்டுகிற மாதிரி ஒரு சத்தம். காட்டுப்புறா தரையை விட்டு எழும்பும்போது இரண்டு சிறகும் முதுகுக்கு மேலே மோதிக்கொள்ளும். பட், பட், பட். மண்டபத்தில் பேச்சு முடியுமுன்பே ஒரேயொரு ஆள் கைதட்டத் தொடங்கினால் எப்படியிருக்கும், அப்படி. இன்று காலை இங்கே, லண்டன் கிங்ஸ்பரியில், எங்கள் குப்பைத்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஒன்று அப்படி எழும்பிப் போனது. கையிலிருந்த தேத்தண்ணியை நான் தொட்டிக்குள் ஊற்றிவிட்டேன். அந்த மனிதரின் நினைப்பு வந்தால் எனக்குத் தொண்டைக்குள் ஒன்றும் இறங்காது.

பெயர் சொல்லப்போவதில்லை. சொன்னால் வெம்பிளியில் பாதிச் சனம் "ஐயோ, அந்த அண்ணையோ? தங்கமான மனுசன்" என்று சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்க்கும். என் ஆத்திரமே அதுதான். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல ஒரு வாயும் திறக்காது. எல்லா வாயும் அவர் கையால் சாப்பிட்ட வாய்.

குள்ளமான ஆள். வருடம் முழுக்க அரைக்கை வெள்ளைச் சேட்டு, பனிக்காலத்தில் அதற்கு மேல் ஒரு கையில்லாத கம்பளிச் சட்டை. சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. யார் வந்தாலும் முதலில் சாப்பிட வைப்பார். தான் ஒன்றும் தொடாமல் பக்கத்தில் குந்தியிருந்து, சாப்பிடுகிறவனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்தை இல்லை, தொண்டையை. கவளம் இறங்குகிறதா என்று. இறங்கினதும் அவருடைய தோள் கொஞ்சம் தளரும். அதை அன்பு என்று நான் எத்தனை வருடம் நினைத்திருந்தேன்!

லண்டனுக்கு வந்த மூன்றாம் நாள் குளிருக்கு ஒதுங்க அவருடைய பலசரக்குக் கடைக்குள் நுழைந்தேன். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. மரவள்ளிக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து என்னை இருத்தினார். இடியப்பமும் சொதியும் வந்தன. எட்டு இடியப்பம் தின்றேன். இடையில் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"சாப்பிடு தம்பி. பேந்து கதைப்பம்."

பிறகு என்று தள்ளிவைத்த அந்தப் 'பேந்து'க்குள் நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன். லீவு கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். அந்தச் சொதி நாக்கில் வந்து நிற்கும். திரும்பி வந்து மூட்டை தூக்குவேன். கடையை விட்டு வேறு வேலைக்குப் போனபிறகும் சனிக்கிழமைகளில் அவருக்கு வான் ஓட்டினேன்.

என்னை மட்டும் இல்லை. கடைக்கு மேலே இருந்த அறைக்குச் சென்னையிலிருந்து ஒரு கம்ப்யூட்டர்க்காரர் வாடகைக்கு வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வெண்பொங்கல் போனது, மிளகும் முந்திரியும் நெய்யில் பொரித்துப் போட்டு. அந்த ஆள் கண் கலங்கிப் போனார்.

"எங்க அம்மா வச்ச மாதிரியே இருக்குங்க."

"நல்லாயிருக்கோ? அப்ப எங்கட கடைக் கம்ப்யூட்டரை ஒருக்காப் பாருங்கோ தம்பி. என்னவோ இழுக்குது."

ஒருக்காப் பார்த்தது இரண்டு வருடம் நீண்டது. வேலையால் வந்து, கோட்டுக்கூடக் கழற்றாமல், கல்லாவுக்குப் பின்னால் இருந்து தட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் படியில் வைத்து என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, இனிமே முடியாதுன்னு சொல்லணும்னுதான் ஒவ்வொரு வாரமும் இறங்கி வரேன். அதுக்குள்ள தட்டு வச்சிடறாருண்ணே."

நாங்கள் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது.

செத்தவீட்டில் எங்கள் ஆட்கள் அடுப்பு மூட்டமாட்டார்கள். சொந்தக்காரர்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும். சொந்தக்காரரின் பாத்திரத்துக்கு முன்னே இவருடைய பாத்திரம் போய் நிற்கும். அழுது வீங்கின முகங்களுக்கு முன்னால் சோற்றை வைத்து, "ஒரு வாய் சாப்பிடுங்கோ" என்பார். அடுத்த வருடம் கோயில் நிர்வாகசபைத் தெரிவு வரும்போது அந்த வீட்டுக் கைகள் எல்லாம் தாமாக எழும்பும். அவர் போய்க் கேட்கவே மாட்டார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்காத மனிதர்.

காணிக்கதைக்கு வருகிறேன்.

அக்ஸ்பிரிட்ஜுக்கு அங்கால், ஹீத்ரோவுக்கு இறங்கும் விமானங்களின் வயிறு தெரிகிற தூரத்தில், வயதான ஒரு வெள்ளைக்காரரிடம் அவர் ஒரு காணியைக் குத்தகைக்கு எடுத்தார். சூரியகாந்தி போட்டார். எண்ணெய் ஆட்டப்போகிறார் என்று நினைத்தோம். ஓகஸ்டில் பூத்தபோது சனம் கார் காராக வந்து இறங்கியது. பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு முடித்த பிள்ளைகள் பட்டுச்சேலையில், கலியாணச் சோடிகள், குழந்தைகளைத் தோளில் ஏற்றின தகப்பன்மார். நுழைவு இலவசம். வாசலில் ஒரு வாளி மோர் வேறு. "படம் எடுங்கோ பிள்ளையள், ஆறுதலா எடுங்கோ."

பூ வாடியதும் சனம் வரவில்லை. அதற்குப் பிறகுதான் காணி தன் வேலையைத் தொடங்கியது. பூக்கள் தலை குனிந்து கறுத்து விதை முற்றின. புறாக்கள் மோப்பம் பிடித்தன. உயர்ந்த செடிக்குள் புறா இறங்காது. அதற்கு வெறும் நிலமாக ஒரு வெட்டை வேண்டும். அவர் காணிக்குக் குறுக்கே மூன்று நாலு பட்டையாகச் செடிகளை வெட்டிச் சாய்த்தார். விதை நிலத்தில் உதிர்ந்து கிடந்தது. பட்டைகளின் நுனியில், வேலியோரம், பச்சை வலை கட்டி ஆள் ஒளிந்திருக்க இடம் செய்தார். பிறகு ஒரு சனிக்கிழமை ஐந்து பேரைக் கூப்பிட்டார். எல்லாரும் அவருக்கு என்றைக்காவது தேவைப்படுகிற ஆட்கள்: கட்டட அனுமதி வேலை தெரிந்த ஒருவர், ஒரு லோயர், பெரிய அரிசி வியாபாரி, இப்படி. துவக்குகளோடு வந்தார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

அவர் சுடவில்லை. துவக்கைத் தொட்டதும் இல்லை. பிளாஸ்க்கோடு வேலியோரம் நின்று, புறாக்கள் கழுத்தை வளைத்துக் கொத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சைவக்காரர் நீங்கள். இது என்ன வேலை?"

"நான் எங்க தம்பி சுடுறன்? நான் சாப்பாடு போடுறன். வாறது அதுகளின்ர விருப்பம்."

"சட்டம் விடுமோ?"

"பயிருக்குச் சேதமெண்டால் சுடலாம். சேதமாகிறதுக்கு முதல் ஒரு பயிர் வேணுமெல்லோ?"

சிரிக்காமல் சொன்னார். அதற்கு ஒரு கடதாசியும் மடித்துக் காருக்குள் வைத்திருந்தார். சுடுவதற்காக விதைத்துவிட்டு, விதைத்ததைக் காப்பதற்காகச் சுடுகிறேன் என்று எழுதின கடதாசி. இந்த நாட்டுச் சட்டத்தின் ஓட்டையை இந்த நாட்டுக்காரனே இவ்வளவு நிதானமாகத் தடவிப் பார்த்திருக்கமாட்டான்.

அன்று பின்னேரம் புறாக்கறி. அவரே சமைத்தார், உப்புக்கூடப் பார்க்காமல். நானும் தின்றேன். நல்ல ருசி. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

இனி அக்கா. எனக்கு இருக்கிறது ஒரேயொரு அக்கா. அத்தான் கடைசி யுத்தத்தில், சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தபோது, தண்ணி எடுத்துக்கொண்டு வாறன் என்று போனவர். உடம்பு இல்லை, செய்தி இல்லை. அக்கா பொட்டோடு லண்டனுக்கு வந்தாள். பொட்டோடு முதியோர் இல்லத்தில் ஷிப்ட் செய்தாள். ஒவ்வொரு புரட்டாசியும் மாளய அமாவாசைக்கு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சமைத்துப் படைத்துக் காகத்துக்கு வைப்பாள். அத்தானுக்கு வைக்கமாட்டாள். வைத்தால் செத்தவர் ஆகிவிடுவாரே. அவருக்கு ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பைச் சோறு மூடிக் கிடக்கும். காலையில் அதை அவளே தின்றுவிட்டு வேலைக்குப் போவாள். பதினாலு வருடம் இப்படி.

அவளுடைய பிளாட்டில் காகத்துக்கு வைப்பதற்கும் தடை வந்தது. எலி வருகிறது என்று பக்கத்து வீடு முறையிட, பிளாட்டைப் பராமரிக்கிறவர்கள் கடிதம் போட்டுவிட்டார்கள். அக்கா கடிதத்தைக் கொண்டுபோய்க் கடையில் காட்டினாள். அவர் இரண்டு தரம் வாசித்தார். ஒரு கதலி வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தார்.

"இவையள் சொல்லி நீ காகம் குருவிக்கு வைக்காமல் விடுறதோ தங்கச்சி? என்ர காணிக்கு வா. ஒரு பிடி என்ன, ஏக்கர் கணக்கில வைப்பம்."

"காணி முழுக்கக் குருவிக்கோ அண்ணை?"

"முழுக்க அதுகளுக்குத்தான்."

இதில் எங்கே பொய்? தேடிப் பாருங்கள். நானும் தேடினேன். அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

முதல் வேட்டைக்கு அடுத்த வருடம், மே மாதம், அக்கா அந்தக் காணியில் விதைத்தாள். ஓய்வு நாளெல்லாம் போய்க் களை பிடுங்கினாள். நகத்துக்குள் மண்ணோடு ஷிப்டுக்குப் போய்ப் பேச்சும் வாங்கினாள். வேட்டை நடக்கிற காணி என்று அவளுக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான்.

"டேய், அண்ணையின்ர மனசைப் பாத்தியே? குருவியளுக்கெண்டு ஆரும் தோட்டம் செய்வினமோ?"

நான் குனிந்து சப்பாத்துக்கயிற்றைக் கட்டினேன்.

அவர் பட்டை பட்டையாக வெட்டினபோது அவள் இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "இறங்க இடமில்லாமல் அதுகள் கஷ்டப்படுமெண்டு வெட்டை விட்டிருக்கிறார்." நான் சாகும்வரைக்கும் இந்த வசனம் என் காதுக்குள் கிடக்கும். கிடக்கட்டும்.

அமாவாசைக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவர் அக்காவிடம் ஒரு மூட்டை சோளம் கொடுத்தார். "ஒவ்வொருநாளும் காலமை அந்த வெட்டையில கொஞ்சம் எறி தங்கச்சி. பழகட்டும்." அக்கா முதல் ரெயினில் அக்ஸ்பிரிட்ஜுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, காணிக்குப் போய்ச் சோளம் எறிந்துவிட்டு, மத்தியான ஷிப்டுக்குத் திரும்பி வருவாள். கடைசிக் கிழமை அவளுடைய நீலக் கோட்டைக் கண்டால் புறாக்கள் பறப்பதில்லை. நடந்து வந்தன. அவளுக்கு அது ஒரு பெரிய புதினம், கண்டறியாத அதிசயம். போனில் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லுவாள். இது நொண்டி, இது பேராசைக்காரி, இது வந்தும் தின்னாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்று.

ஒருநாள் குசினியில் கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள், திரும்பாமல் சொன்னாள்.

"தம்பி, இந்த அமாவாசைக்கு அத்தானுக்கும் ஒரு இலை போடப்போறன்."

"எங்க வைச்சுப் போடப்போறாய்?" என்று கேட்டேன்.

"காணியிலதான். இத்தினை வருகுது. ஏதாவது ஒண்டில வருவார்."

அவள் அழவில்லை. முகம் தண்ணீரால் கழுவினது போல இருந்தது. பதினாலு வருடமாகத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒன்றை ஒரு மேசையில் இறக்கி வைக்கப் போகிறவளின் முகம். எந்த மேசை என்று எனக்குத் தெரியும்.

ஓடிப் போனேன் கடைக்கு, அவரிடம்.

"அண்ணை, இந்த வருசம் வேண்டாம். அக்கா அத்தானுக்கு வைக்கப்போறா."

"நல்ல விசயமெல்லோ. வைக்கட்டும்."

"அண்டைக்குத்தானே நீங்கள் ஆக்களைக் கூப்பிட்டிருக்கிறியள்?"

"அவ எட்டு மணிக்கு. அவையள் பத்து மணிக்கு. இதில என்ன பிரச்சினை?"

"அவ பழக்கின புறாவெல்லோ அண்ணை!"

"பழகாத புறா வராதெல்லோ தம்பி."

மிரட்டவில்லை, கெஞ்சவில்லை. வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார். கத்த வேண்டும் என்று நான் வாயைத் திறந்தபோது கையில் ஒரு தட்டு இருந்தது. சூடான உழுந்துவடை. அது எப்போது என் கைக்கு வந்தது என்று தெரியாது. கடித்தேன். அந்த நேரத்திலும், அந்தக் கதையின் நடுவிலும், நான் கடித்தேன்.

அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஒரு வசனம் போதும். ஆனால் அவள் இரவில் நித்திரை கொள்ளத் தொடங்கியிருந்தாள். எட்டு மணிக்குப் போய் ஒன்பதுக்குத் திரும்பிவிட்டால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும் என்று நானும் நேரக்கணக்குப் போட்டேன். அவருடைய பாடசாலையில் படித்தவன்தானே.

அமாவாசை சனிக்கிழமை வந்தது. ஹாங்கர் லேனில் ஏதோ விபத்து. கார்கள் அசையவில்லை. அக்கா மடியில் பாத்திரங்களைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்: பூசணிக்காய், கத்தரிக்காய்ப் பால்கறி, அத்தானுக்குப் பிடித்த பாகற்காய்ப் பொரியல். திரும்பிப் போவோம் என்று சொல்ல எனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிடைத்தது. சொல்லவில்லை. காணிக்குப் போய்ச் சேர ஒன்பதே முக்கால். பாதையில் ஒரு காரும் இல்லை. இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். அவர்கள் பின்பக்கத்து ஒடுக்கமான ஒழுங்கைப் பாதையால் வந்து, ஏற்கெனவே வலைகளுக்குள் இருந்துவிட்டார்கள்.

"நீ நில் தம்பி. நான் தனியப் போறன்."

செடிகள் அவளை விட உயரம். நீலக் கோட்டு அவற்றுக்குள் போனது, பிறகு தெரியவில்லை. அவர்கள் வந்தால் மறித்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுவோம் என்று வேலியோரம் நடந்தேன். பாதி தூரம் போயிருப்பேன்.

வெடி. ஒன்று, இரண்டு, பிறகு எல்லாமாக.

புறாக்கள் கூரை கழன்றது போல எழும்பின. எழும்பினதில் சில மடங்கின. நான் செடிகளை முறித்துக்கொண்டு ஓடினேன். போட்டிருந்த சேட்டைக் கழற்றி ஆட்டினேன். தமிழிலா இங்கிலீசிலா கத்தினேன் என்று தெரியாது. வெடி நின்றது.

அக்கா வெட்டையின் ஓரத்தில் முகம் குப்புறக் கிடந்தாள். இரண்டு கையும் பிடரியில். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஷெல் விழும்போது காது வெடிக்காமல் இருக்க வாயைத் திறந்து வைப்பார்கள். அப்படித் திறந்த வாய்க்குள் மண். நான் தொட்டதும் என் சட்டையில்லாத கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"படு, படு! இவரை உள்ளுக்கக் கூப்பிடு! தண்ணிக்குப் போனவர் வெளியில நிக்கிறார், கூப்பிடடா!"

வலைக்குள்ளிருந்து பெரிய உடம்போடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். அவளைக் கண்டதும் அவருக்கு முகத்தில் இரத்தம் இல்லை. துவக்கை மடித்து நிலத்தில் வைத்துவிட்டு, இங்கே ஆள் இருப்பார் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் சொல்லவில்லை என்று இங்கிலீசில் திரும்பத் திரும்பச் சொன்னார். உண்மைதான். அவர்களுக்கும் ஒருவரும் பொய் சொல்லவில்லை. காலையில் அண்ணை ஐந்து பேருக்கும் நெய்த்தோசை கொடுத்திருந்தார்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அக்கா எழும்பி இருந்தாள். விரித்த இலை அப்படியே கிடந்தது. பக்கத்தில் இரண்டு புறா. ஒன்று இன்னும் நிலத்தைச் சிறகால் அடித்துக்கொண்டிருந்தது. அவள் இலையில் போட்ட சோற்றைக் கையால் வழித்துத் திரும்பவும் பாத்திரத்துக்குள் போட்டாள். கறிகளையும். மண்ணோடு, ஒரு பருக்கை விடாமல்.

"எனக்கு விசர் பிடிச்சிருக்கு தம்பி. உயிரோட இருக்கிற மனுசனுக்கு இலை போட்டிட்டன்."

அது நடந்து இப்போது வருடங்கள் ஆகிவிட்டன. அன்று இரவும் அத்தானுக்குக் கோப்பையை மூடி வைத்தாள், இன்றுவரை நிற்பாட்டவில்லை. அதற்குள் இருக்கிறது என் மௌனமும் அவருடைய சோளமும். நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டின எந்த வைத்தியரும் அதைத் திறக்கவில்லை.

அவரை நாங்கள் கடைசியாகப் பார்த்தது அதே காலையில், திரும்பி வரும்போது, அந்தக் காணி வாசலில்தான். எங்களுக்கு முன்பே வந்து, ஒரு பிளாஸ்டிக் கதிரையை விரித்து, ஒரு கையில் தண்ணிப்போத்தலும் மற்றக் கையில் தட்டுமாக நின்றார். பன்னிரண்டு வருடத்துக்கும் அதன் பிறகுள்ள சனிக்கிழமைகளுக்கும் சேர்த்து என் வாய்க்குள் கெட்ட வார்த்தை நிரம்பியிருந்தது. அக்கா என்னைத் தாண்டி முன்னால் போனாள்.

"அண்ணை."

"இரு தங்கச்சி. முதல் இந்தத் தண்ணியைக் குடி."

அவள் போத்தலை வாங்கவில்லை. தட்டையும் பார்க்கவில்லை. முதியோர் இல்லத்தில் புதிதாக வந்தவர்களிடம் பெயர், வருத்தம், மருந்து, பிள்ளைகள் என்று விசாரிப்பாளே, அதே குரலில் கேட்டாள். கேலி இல்லை. கோபம்கூட இல்லை, அவளுடைய பங்குக் கோபத்தையும் நான்தான் வைத்திருந்தேன்.

"நீங்கள் ஆருக்கெண்டாலும், ஒண்டையும் நினையாமல், சும்மா ஒரு நேரச் சாப்பாடு குடுத்திருக்கிறியளோ?"

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். சமாளிக்கவில்லை. தட்டோடு நின்றார். கண் நிலத்தில். உதடு மெல்ல அசைந்தது, ஒவ்வொரு ஆளாக எடுத்துப் பார்த்து ஒதுக்கி வைக்கிறவர் போல. தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரச் சில்லுகளை இறக்கிக்கொண்டு போனது. அக்கா அவசரப்படுத்தவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"யோசிக்கவேணும் தங்கச்சி," என்றார்.